ஆறாவது கையெழுத்து

அத்தியாயம் பதினான்கு

நான்கு மணி நேரம் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். மாஸ்டரிடம் கேட்கப்பட்டது அவ்வளவுதான்.

மலையைப் பெயர்த்து வரச் சொல்லியிருந்தால்கூட எங்கே கடப்பாரை என்று தேடியிருப்பார் மனிதர். இது அதைவிடக் கஷ்டம்.

இருபத்திரண்டு வருடங்களாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் அவர். பழகுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாக ஒரு பிரேக் வைத்துக்கொண்டு, "கண்ணாடியப் பாருங்க, கியர மாத்துங்க, பிரேக், பிரேக்!" என்று காலையிலிருந்து மாலைவரை பேசுவதுதான் பிழைப்பு. வீட்டிலும் அதே கதை. மனைவி அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கினால் "மெதுவா, மெதுவா" என்பார். மகள் மாடியிலிருந்து இறங்கினால் "கடைசிப் படி, பாத்து" என்பார்.

"அந்தக் கடைசிப் படிய நான் பதினேழு வருஷமா இறங்குறேம்பா" என்பாள் மகள்.

அப்படிப்பட்ட மகள்தான் இப்போது வேறு வழியே இல்லாமல் அப்பாவை ‘நிழலாக’ ஏற்றுக்கொள்ளச் சம்மதித்தாள். அவள் சேர்ந்திருக்கும் இளைஞர் பொறுப்புப் பயிற்சியின் கடைசிக் கட்டம் இது. ஒன்றரை வருடம், ஒவ்வொரு சனிக்கிழமையும் போய்வந்தாள். முதலுதவி கற்றாள். கால்வாயைச் சுத்தம் செய்தாள். மேடையில் ஏறிப் பேசப் பழகினாள். இப்போது ‘பொறுப்பு நாள்’. ஆறு பேர் கொண்ட குழு ஒரு காரியத்தைத் தாங்களே திட்டமிட்டு, தாங்களே நடத்தி முடிக்க வேண்டும். ஒருவர் பொறுப்பாளர்; இந்தக் குழுவில் அது மகள்தான். பெரியவர் ஒருவர் இருபது அடி தள்ளி நிழல் மாதிரி பின்னாலேயே வரலாம். உயிருக்கு ஆபத்து என்றால் தவிர மூச்சுவிடக் கூடாது.

நிழலாக வர வேண்டிய பெரியவருக்கு மூன்று நாள் முன்பு காய்ச்சல் வந்துவிட்டது. வேறு யாரும் கிடைக்கவில்லை. மாஸ்டருக்கு யோகம் அடித்தது.

"என்னங்க, ஒரு மிட்டாய் தரட்டுமா? வாயில போட்டு அடக்கிக்குங்க" என்று காலையில் கிளம்பும்போது மனைவி கேட்டாள். மருந்துக்கடை கவுன்டரில் நிற்கிறவள். எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு மாத்திரை உண்டு.

"எனக்குப் பேசாம இருக்கத் தெரியாதா?"

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள் சிரிக்கவில்லை. வருடத்துக்கு ஒரு முறைதான் பொறுப்பு நாள். பதினெட்டு முடிந்தால் வர முடியாது. அவளுக்கு இன்னும் இரண்டு மாதம். அதே குழுவில் இருக்கும் அவளுடைய உயிர்த் தோழி, எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் ‘வக்கீல்’ என்று பெயர் வாங்கிய பெண்ணுக்கு, இன்னும் மூன்றே வாரம். இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

"பாப்பா, தைரியமா போ" என்றாள் அம்மா. "அப்பா பக்கம் திரும்பியே பாக்காத."

காரியம் இதுதான்: ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் பதினெட்டுப் பேரை நடத்தி அழைத்துப்போய், நூலகத்தில் ஒரு மணி நேரம் கதை படித்துக்காட்டி, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து பள்ளியில் சேர்க்க வேண்டும். போக ஒன்றரைக் கிலோமீட்டர், வர ஒன்றரை.

மகள் ஒரு நீளக் கயிற்றில் பதினெட்டு முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். முடிச்சுக்கு ஒரு குழந்தை. முடிச்சை விட்டால் அந்தக் குழந்தை எல்லோருக்கும் ஒரு பாட்டுப் பாட வேண்டும். இந்த ஏற்பாட்டைப் பார்த்ததும் மாஸ்டருக்கு மார்பு விம்மியது. சொல்ல முடியாதே! இருபது அடி பின்னால் நின்று தனக்குத் தானே தலையாட்டிக்கொண்டார்.

போகும்போது பிரமாதமாக வாயைக் கட்டினார். ஒரு குழந்தையின் செருப்பு வார் அறுந்தது, பல்லைக் கடித்துக்கொண்டார். ஒரு திருப்பத்தில் மகள் ஒரு நிமிடம் தயங்கி நின்றாள். அவருக்கு வழி தெரியும், இருந்தும் வானத்தைப் பார்த்தார். நூலகத்தில் வக்கீல் கரடிக்கும் நரிக்கும் குரல் மாற்றிக் கதை படித்ததில் பதினெட்டுக் குழந்தைகளும் மயங்கிக் கிடந்தன. மாஸ்டரும்தான்.

வரும் வழியில்தான் நாக்கில் சனி வந்து உட்கார்ந்தது.

மரச்சாமான் கடை ஒன்று. நடைபாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு அதன் வாசலுக்குள் ஒரு லாரி பின்பக்கமாகப் பாதி நுழைந்திருந்தது. பின்விளக்கு வெள்ளையாக எரிந்தது. மாஸ்டருக்கு அந்த வெள்ளை விளக்கைத் தெரியும். வண்டி பின்னால் வருகிறது என்று அர்த்தம். மகளோ கயிற்றின் முனையைப் பிடித்துக்கொண்டு, குழந்தைகளோடு நேராக அதை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

"பிரேக்!"

தெருவே திரும்பிப் பார்த்தது. அப்படி ஒரு சத்தம்.

ஆறு பேரில் இரண்டு பேர் மாஸ்டரிடம் வண்டி பழகுகிறவர்கள். அந்த இருவரும் வலது காலைத் தரையில் ஓங்கி மிதித்து அப்படியே நின்றார்கள். கயிறு நின்றது. பின்னால் வந்த குழந்தைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதிக்கொண்டன. ஒரு வாண்டு முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, அழலாமா வேண்டாமா என்று சுற்றும் முற்றும் பார்த்தது.

மாஸ்டர் மூச்சிரைக்க ஓடிப்போய் லாரியின் மறுபக்கம் எட்டிப் பார்த்தார்.

அங்கே ‘மணிக்கூண்டு’ நின்றுகொண்டிருந்தான். குழுவிலேயே உயரமான பையன். ஓட்டுநரின் ஜன்னலுக்கு முன்னால் கையை உயர்த்திப் பிடித்தபடி நின்றான். ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு, பாட்டிலைத் திறந்து ஆற அமரத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாஸ்டர்?" என்றான் மணிக்கூண்டு. "வண்டி நின்னு ரெண்டு நிமிஷம் ஆச்சே. அவ முன்னாடியே என்னை அனுப்பிட்டா. வழியில வண்டி நுழையிற வாசல் இருக்கிற எல்லாக் கடைக்கும் நான் முன்னாலயே போயிடணும்னு போன வாரமே எழுதிக் குடுத்துட்டா."

மாஸ்டர் திரும்பி மகளைப் பார்த்தார். அவள் குனிந்து சிராய்த்த முழங்காலில் ஊதிக்கொண்டிருந்தாள். அவர் பக்கம் நிமிரவே இல்லை. அதற்குப் பதில் அவள் இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் மனிதர் பிழைத்திருப்பார்.

நடந்ததை யாரும் வெளியே சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆறு பேரும் அப்படி நினைத்தார்களோ என்னவோ, தெரியாது. ஆனால் பதினெட்டு வாய்கள் இருந்தனவே! பள்ளிக்கூடம் வரும்வரை குழந்தைகளுக்கு அதுதான் விளையாட்டு. ஒருவர் "பிரேக்!" என்று கத்த, மற்றவர்கள் காலைத் தரையில் மிதித்தார்கள். பள்ளி வாசலில் மதிப்பீடு செய்யும் அம்மையார் நின்றிருந்தார். தீயணைப்பு நிலையத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மணி அடித்தால் இன்னமும் எழுந்து நிற்பாராம்.

"இது என்ன விளையாட்டு?" என்று ஒரு வாண்டிடம் கேட்டார்.

"அந்த மாமா சொல்லிக் குடுத்தாரு" என்று அது மாஸ்டரைக் கை காட்டியது.

அசடு வழியக்கூட அவருக்கு முகத்தில் இடம் இல்லை.

குழந்தைகள் வகுப்புக்குள் போனதும் மதிப்பீட்டு மேடம் எல்லோரையும் நிற்கவைத்து நிதானமாகச் சொன்னார். கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நிழல் பேசியிருக்காரு. அதனால ரெண்டு காகிதம் வேணும். ஒண்ணு பொறுப்பாளர் எழுதணும், ஒண்ணு நிழல் எழுதணும். உயிருக்கு ஆபத்து இருந்துச்சா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. இருந்துச்சுன்னா, சார் கத்தினது கடமை. இந்த நாள் செல்லும். அஞ்சு பேருக்குத் தேர்ச்சி உண்டு. கவனிக்காம விட்ட பொறுப்பாளருக்கு மட்டும் கிடையாது. ஆபத்து இல்லன்னா, சார் தேவையில்லாமத் தலையிட்டிருக்காரு. ஆறு பேருக்குமே இந்த நாள் செல்லாது."

வக்கீல் வாயைத் திறந்தாள்.

"விதிய நான் எழுதலம்மா" என்றார் மேடம். "அரை மணி நேரம். காகிதம் என் கைக்கு வர்ற வரைக்கும் அப்பாவும் பொண்ணும் இதப் பத்திப் பேசிக்கக் கூடாது."

மாஸ்டர் காருக்குள் போய் உட்கார்ந்தார். ஸ்டியரிங்மேல் காகிதத்தை வைத்தார். எதிரே கண்ணாடியில் ஒரு திருட்டு முழி தெரிந்தது. அது அவருடையதுதான்.

மகளோடு பேசக் கூடாது என்றுதான் விதி. மனைவியோடு பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. போனை எடுத்தார்.

"கத்திட்டீங்களா?" என்றாள் அவள், எடுத்த எடுப்பில்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பன்னெண்டு மணிக்குள்ள போன் வந்தா வேற என்னவா இருக்கும்?"

நடந்ததை எல்லாம் சொன்னார். மறுமுனையில் யாருக்கோ "சாப்பாட்டுக்கு அப்புறம், ஒரு நாளைக்கு ரெண்டு" என்று அவள் சொல்வது கேட்டது.

"ஆபத்து இருந்துச்சுன்னு எழுதிட்டா அஞ்சு புள்ளைங்க தப்பிச்சிரும்" என்றார் மாஸ்டர். "அந்த வக்கீல் பொண்ணுக்கு மூணே வாரம்தான் இருக்கு."

"நம்ம பொண்ணு?"

"அவ கவனிக்காம விட்டான்னு நான் எழுதணும்."

"விட்டாளா?"

"என்னம்மா பேசற! பெரிய அதிகாரி மாதிரி எல்லாத்தையும் யோசிச்சு வெச்சிருந்தா. நானே அப்படி யோசிச்சிருக்க மாட்டேன்."

"இதையே எழுதுங்களேன்."

"எழுதினா ஆறு பேருக்கும் போயிடும்டி."

அவள் பெருமூச்சு விட்டாள். "என்னைக் கேக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்றேன். பொய் எழுதினா உங்க கையெழுத்து முத்து முத்தா வரும். வீட்டுல அப்பனுக்கும் பொண்ணுக்கும் ஒரே வியாதி. என்ன எழுதினாலும் சாயங்காலம் எனக்குத் தெரிஞ்சிடும்."

போனை வைத்துவிட்டாள்.

கார்க் கதவு திறந்தது. மகள். தண்ணீர்ப் பாட்டிலை எடுக்க வந்திருந்தாள். எடுத்தவள் உடனே போகவில்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். அவள் கையிலும் ஒரு காகிதம் இருந்தது, நான்காக மடித்து.

பேசக் கூடாது. இருவருக்கும் அது தெரியும். ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை.

"சாப்டியா?"

"பிஸ்கட் சாப்டேன்."

"வெயிலா இருக்கு."

"ஆமாம்பா."

"ஷூ லேஸ் அவுந்திருக்கு."

"தெரியும்பா." கட்டவில்லை. பிறகு, "நீங்க தண்ணி குடிச்சீங்களா?" என்று பாட்டிலை நீட்டினாள்.

அவர் குடித்தார். இவ்வளவு கெடுத்தபிறகும் தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்கிற பெண் அவருக்கு வாய்த்திருக்கிறாள். அவள் தலையில் கை வைக்க வேண்டும்போல் இருந்தது. விதியில் அதற்குத் தடை ஏதும் இல்லை என்று தோன்றியது. வைத்தார். அவள் விலகவில்லை.

அவள் போனதும் அவர் எழுதினார். கோணல் மாணலாக, அடித்துத் திருத்தி எழுதினார். ஆபத்து இல்லை. பொறுப்பாளர் முன்பே ஆள் நிறுத்தியிருந்தார். வண்டி நின்றிருந்தது. நான் அவசரப்பட்டுக் கத்தினேன். தவறு முழுவதும் என்னுடையது. இந்த ஆறு பேரும் செய்ததில் ஒரு குறையும் இல்லை.

மகளைப் பற்றி ஒரு பொய் எழுத அவரால் முடியவில்லை. அது நியாயமா, சுயநலமா என்று அவருக்கே தெரியவில்லை. வக்கீல் பெண்ணின் முகம் வந்து வந்து போனது.

மேடம் இரண்டு காகிதங்களையும் பள்ளி வராந்தாவில் இருந்த மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்தார். மாஸ்டர் எட்டிப் பார்த்தார். மகளின் காகிதத்தில் மூன்றே வரிகள். முத்து முத்தாக இருந்தன.

அவருக்குப் படிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. மேடம் சத்தமாகவே படித்தார்.

"‘லாரி பின்னால் வந்தது உண்மை. நான் கவனிக்கவில்லை. அப்பா கத்தியிருக்காவிட்டால் விபத்து நடந்திருக்கும்.’" பிறகு மாஸ்டருடையதையும் படித்தார். படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டுல ஒண்ணு பொய். அறிக்கையில பொய் எழுதினவங்க இந்தப் பயிற்சியில இருக்க முடியாது. பெரியவங்க எழுதியிருந்தா இனிமே நிழலா வர முடியாது. எது பொய்?"

மாஸ்டருக்குத் தலை சுற்றியது. உண்மையைச் சொல்லப்போய், பெற்ற மகளைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்துவிட்டாரே! "என்னோடதுதான் பொய், மேடம்" என்று சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார்.

"அப்பா, வேணாம்" என்றாள் மகள்.

திரும்பி மேடத்தைப் பார்த்தாள். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "என்னோடதுதான் பொய். நான் லாரியப் பாத்தேன். நிறுத்தியும் வெச்சிருந்தேன். எனக்கு மட்டும் போனாப் போகுது, இவங்க அஞ்சு பேருக்கும் கிடைக்கட்டும்னு எழுதிட்டேன். அப்பா எழுதினதுதான் நிஜம்."

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. பெருமையாலா, துக்கத்தாலா என்று பிரித்துப் பார்க்க அவருக்கு நேரம் இல்லை. ஏனென்றால் வக்கீல் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"எங்களக் கேட்டியா?"

"உனக்காகத்தான்டி..."

"அதான் கேக்கறேன். எங்களக் கேட்டியா? அரை மணி நேரம் இருந்துச்சு. நாங்க அஞ்சு பேரும் அந்த மரத்தடியிலதான உக்காந்திருந்தோம். ஒரு வார்த்தை வந்து கேட்டியா?" அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. அதைத் துடைக்கக்கூட அவளுக்குப் பிடிக்கவில்லை. "எங்களுக்காகப் பொய் எழுதினப்பவும் கேக்கல. இப்ப உண்மையச் சொல்லி எல்லாத்தையும் கவுத்தப்பவும் கேக்கல. நீதான் பொறுப்பாளர். சரி. நாங்க யாரு? கயித்துல முடிச்சு புடிச்சுட்டு வந்தவங்களா?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள். வாசல் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

மகள் அடி வாங்கியவள்போல நின்றாள். இதுவரை நடந்த எதற்கும் அவள் அப்படி நிற்கவில்லை.

மேடம் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு மதிப்பீட்டுக் குழு உக்காரும். ரெண்டு காகிதத்தையும் நான் அங்க வெச்சாகணும். அதுக்கு முன்னால, என்ன நடந்துச்சுன்னு ஆறு பேரும் சேந்து ஒரே கடிதமா எழுதிக் குடுக்கலாம். அதுக்கு விதியில இடம் இருக்கு. படிச்சுட்டு என்ன முடிவு பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஆறு கையெழுத்தும் இருக்கணும். அஞ்சு இருந்தா பிரிக்கக்கூட மாட்டாங்க."

ஐந்து கையெழுத்து மரத்தடியிலேயே கிடைத்துவிட்டது. மணிக்கூண்டு தன் பெயரை அவனைப் போலவே நெட்டையாக எழுதினான். கடிதத்தை மகள் எழுதவில்லை. எல்லோருமாகச் சொல்லச் சொல்ல அவன்தான் எழுதினான். கடைசி வரிக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வக்கீல் வீட்டுத் தெருவில் கார் நின்றது.

மருந்துக்கடையிலிருந்து நேராக வந்த அம்மாவும் பின் இருக்கையில் இருந்தாள். மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். இரண்டு காகிதத்தையும் பார்க்காமலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"நானும் வர்றேன் கண்ணா" என்றார் மாஸ்டர். "தப்பு என்னோடதுதானே. அந்தப் பொண்ணுகிட்ட ஒரு மன்னிப்பாவது..."

"அப்புறமா கேளுங்கப்பா. கண்டிப்பாக் கேக்கணும்." மகள் கதவைத் திறந்தாள். "ஆனா அவ கோவம் உங்க மேல இல்ல. என் மேல."

கடிதத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நான்கு படி ஏறி மணியை அடித்தாள். வெகு நேரம் யாரும் வரவில்லை. மாஸ்டர் மனதுக்குள் அறுபதுவரை எண்ணினார். இன்னொரு தடவை அடி என்று சொல்லத் தோன்றியது. அவள் அடிக்கவில்லை, நின்றாள்.

கதவு பாதி திறந்தது. வக்கீலின் பாதி முகம்தான் தெரிந்தது. அழுது வீங்கியிருந்தது.

மகள் ஏதோ சொன்னாள். நீளமாக இல்லை, நாலைந்து வார்த்தை இருக்கும். கடிதத்தை நீட்டுவாள் என்று மாஸ்டர் எதிர்பார்த்தார். அவள் நீட்டவில்லை. முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு வக்கீல் பேச ஆரம்பித்தாள். கை நீட்டி, விரலை மடக்கி, ஒவ்வொன்றாக எண்ணி எண்ணிப் பேசினாள். காரின் கண்ணாடி ஏற்றியிருந்ததால் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

"என்ன சொல்றா அந்தப் பொண்ணு?" என்றார் மாஸ்டர்.

"தெரியல" என்றாள் மனைவி. "ஆனா நம்ம பொண்ணு பதிலே சொல்லல பாருங்க."

பார்த்தார். உண்மைதான். மகள் தலையைக்கூட ஆட்டவில்லை. எதையும் மறுக்கவில்லை, விளக்கவில்லை, இடையில் புகவில்லை. வக்கீல் பத்து விரலையும் மடக்கி முடித்து, மறுபடியும் முதல் விரலுக்கு வந்தாள். மகள் கேட்டுக்கொண்டே நின்றாள்.